ஒரு டம்ளர் மூச்சு

பழக் குடோனில் அவளை எல்லோரும் மீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளப் பட்டியலில் இருக்கிற பெயரைச் சொல்லிக் கேட்டால், அப்படி யாரும் இங்கே இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்தக் குடோனுக்குக் காய் வாழை பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். அதைப் பெரிய அறைகளில் கூரை வரைக்கும் அடுக்கி, கதவைக் காற்றுப் புகாமல் இறுக்கிச் சாத்தி, சில நாள் வைத்தால் மஞ்சளாகப் பழுத்து வெளியே வரும். அந்த அறைகளுக்குச் சேம்பர் என்று பேர். பழுக்கிற காயும் நம்மைப்போல மூச்சுவிடும் என்பது வெளியே பலருக்குத் தெரியாது. மூடிய சேம்பருக்குள் அது விடுகிற கரியமில வாயு மணிக்கு மணி ஏறிக்கொண்டே போகும். திறந்ததும் திபுதிபுவென்று உள்ளே போனால் ஆள் சுருண்டு விழ வேண்டியதுதான். ஆகவே கதவைத் திறந்து காற்றாடியை ஓடவிட்டு, கையடக்கமான மீட்டர் ஒன்றை முதலில் உள்ளே நீட்டிப் பார்க்க வேண்டும். அரை சதவீதத்துக்குமேல் வாயு இருந்தால் அது ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தும். கத்தல் நின்ற பிறகுதான் சுமை தூக்குகிறவர்கள் நுழையலாம்.

அந்த மீட்டரை இடுப்பில் மாட்டிக்கொண்டு சேம்பர் சேம்பராகத் திரிவது அவள் வேலை. அவசரக்காரர்கள் அவளைத் தள்ளிக்கொண்டு போகப் பார்ப்பார்கள். கையை விரித்துக் குறுக்கே நின்றுவிடுவாள். மீட்டர் சொல்லாமல் இங்கே மூச்சுகூட விட முடியாது என்று கிண்டல் செய்வார்கள். விட்டுத்தான் பாருங்களேன் என்பாள்.

அவள் புருஷனுக்கு ரொட்டிக்கடையில் அடுப்படி வேலை. விடிவதற்கு முன் போய், மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவான். உடம்பெல்லாம் மாவு வாசனை அடிக்கும். கல்யாணமாகி நெடுநாள் காத்திருந்து அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிரசவ விடுப்பு முடிந்ததும் இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். காலையில் குழந்தை அவளிடம். அவன் வந்ததும் அவனிடம் கொடுத்துவிட்டு அவள் மத்தியான ஷிப்டுக்குக் கிளம்புவாள். அவன் குழந்தையைத் தொட்டிலில் போட்டு, பக்கத்துக் கட்டிலில் தானும் படுத்து ஒரு தூக்கம் போடுவான். பகல் தூக்கம் என்பதால் படுக்கையறை ஜன்னலுக்குத் தடித்த கறுப்புத் திரை மாட்டியிருந்தார்கள். இழுத்துவிட்டால் அறை கும்மிருட்டாகிவிடும்.

அந்த ஜன்னல் விளிம்பிலும் அலமாரி மேலும் அவள் வளர்த்த செடிகள் இருந்தன. ஆறு தொட்டி. பால்கனி இல்லாத வீட்டில் வேறு எங்கே வைப்பது? குழந்தை கண் திறந்து முதலில் வெறித்துப் பார்த்தது அந்த இலைகளைத்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் சாயங்காலம், இரண்டாவது சேம்பர் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது அவன் போன் செய்தான். என்ன சொல்கிறான் என்றே விளங்கவில்லை. மாவு பிசைகிற சத்தம்போல ஏதோ ஒன்று தொண்டையிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். குழந்தையை வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள்.

டாக்டரம்மா நல்ல மாதிரி. மறைக்காமல் பேசினார். பரிசோதித்துப் பார்த்துவிட்டோம், நோய் எதுவும் இல்லை, முகத்தில் துணி விழவில்லை, குப்புறக் கவிழவில்லை, மல்லாந்து தூங்கினபடியே போயிருக்கிறது என்றார். சில கைக்குழந்தைகள் இப்படித் தூக்கத்திலேயே போய்விடுவதுண்டு, ஏன் என்று எங்களுக்கே இன்னும் முழுதாகத் தெரியாது, உங்கள் இருவர்மேலும் தப்பு இல்லை என்றார். இருவரும் தலையை ஆட்டினார்கள். ஒரு சொல்லும் உள்ளே போகவில்லை.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று அவன் சுவரோரம் உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். வந்தவர்கள் ஆளுக்கு ஒன்று கேட்டார்கள். நீதானே பக்கத்தில் இருந்தாய், ஒரு சத்தம்கூடவா கேட்கவில்லை என்று ஒருவர் கேட்டார். அவன் வாயைத் திறந்து திறந்து மூடினான். இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிற அவன் அக்கா, இவளுக்கு நாத்தனார், படுக்கையறை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிறபடி சொன்னாள்.

“இருட்டு ரூம்ல இத்தனை செடியா வச்சிருந்தீங்க? வெளிச்சம் இல்லன்னா செடி நல்ல காத்தை இழுத்துக்கிட்டு கெட்ட காத்தை விடும்னு பள்ளிக்கூடத்துலயே சொல்லித் தரலையா? சின்ன உசுரு, எப்படித் தாங்கும்?”

கூட்டம் சட்டென்று செடிகளின் பக்கம் திரும்பியது. ஆமாம், நானும் படித்திருக்கிறேன் என்று ஒருவர். யாரோ தன் செல்போனில் அதைப் பற்றி வந்த வீடியோ இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார். சுவரோரம் இருந்தவனை அதன் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

வேறொருத்தியாக இருந்தால் நாத்தனார் வாய் என்று ஒதுக்கித் தள்ளியிருப்பாள். இவளால் முடியவில்லை. இவளுக்குத்தான் தெரியுமே. பச்சையாக இருக்கிற எதுவும் மூச்சுவிடும் என்றும், மூடிய அறைக்குள் அது ஆளைச் சாய்க்கும் என்றும் நாள் தவறாமல் பார்த்துக்கொண்டிருக்கிறவள் அவள். அடுத்தவர்களை வாசலில் தடுத்து நிறுத்தத் தெரிந்தவளுக்குத் தன் வீட்டில் அது தோன்றவே இல்லையே. அவள் பார்க்கிற வேலையே அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

அந்த அறையைப் பூட்டினார்கள். செடிகளைத் தூக்கி எறியக்கூட அவளுக்குக் கை வரவில்லை. தண்ணீர் இல்லாமல் இருட்டில் கிடந்து சாகட்டும் என்று விட்டாள். இருவரும் கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் படுத்தார்கள். சோறு இறங்கவில்லை. பேச்சு நின்றுபோனது. அவன் வேலைக்குப் போனான், வந்தான். இவளைத் திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. பார்க்க வருகிறவர்களிடம் மட்டும், “செடிதான் காரணமாம்” என்று தானாகவே சொல்வான். ஒவ்வொரு தடவை அதைக் கேட்கும்போதும் தன்னைக் குத்துகிறான் என்று நினைப்பாள். ஆனாலும் பொறுத்துக்கொள்வாள். அவன் சொல்வது சரி என்றுதான் அவளும் நினைத்தாள்.

சில வாரம் கழித்துக் குடோனுக்குத் திரும்பினாள். யாரும் கிண்டல் செய்யவில்லை. மீட்டரைக் கையில் கொடுத்து ஒதுங்கிப் போனார்கள். ஷிப்ட் தொடங்கி நெடுநேரம் ஆகிவிட்டிருந்தது. காலையில் மூடிய நான்காம் சேம்பரைத் திறந்து காற்று மாற்ற வேண்டிய முறை. கதவை இழுத்தாள். மீட்டரை நீட்டினாள். கத்தியது. காற்றாடிப் பொத்தானில் கை வைத்தவள் அழுத்தவில்லை. கத்துகிற மீட்டரோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மஞ்சள் விளக்கின் கீழ் இரண்டு பக்கமும் பெட்டிகள் கூரை வரை நின்றன. நடுச்சந்தில் நின்றாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, ஓடி வந்தவள்போல மூச்சு தானாக வேகமெடுத்தது. எவ்வளவு இழுத்தாலும் போதவில்லை. நெற்றிப்பொட்டில் சம்மட்டி அடி. இதயம் காதுக்குள் வந்து இடித்தது. கால் தன்னிச்சையாகக் கதவுப் பக்கம் நகர்ந்தது. நில் என்று சொன்னாள், நிற்கவில்லை. மீட்டரில் நான்கு சதவீதத்துக்குப் பக்கமாக ஓர் எண். அவள் கை பிடியைத் தேடிய அதே நேரம் வெளியே இருந்து கதவு திறந்தது.

மீட்டர் கத்துவது ஓயவில்லையே என்று ஓடிவந்த சூப்பர்வைசர் அவளைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்து தரையில் உட்கார வைத்தார். அவருக்கே மூச்சு வாங்கியது.

“சாகறதுக்கு வேற இடம் கிடைக்கலையா உனக்கு?”

“சாகப் போகல சார்,” என்றாள். “பாப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும்னு பாக்கப் போனேன்.”

அந்த மனிதர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். இன்றைக்கு நீ எந்தச் சேம்பர் பக்கமும் போகக் கூடாது, தலைவலி நின்றதும் வீட்டுக்குப் போ, நாளைக்குப் பேசிக்கொள்வோம் என்று மட்டும் சொன்னார். கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அவள் காலிப் பெட்டிகள் குவித்திருந்த மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். தலை விண் விண் என்று தெறித்தது. அந்த வலிக்கு நடுவில்தான் அது தோன்றியது. இத்தனை பெரிய அறை, கூரை முட்டப் பத்து டன் பழம், காலையிலிருந்து இவ்வளவு நேரம் இறுக்கிச் சாத்தி வைத்து, அதற்குப் பிறகுதான் இந்த நான்கு. அப்போதும் தன் கால் தன்னை வெளியே இழுத்துப் போகப் பார்த்தது. வீட்டில் இருந்தது ஆறு தொட்டி. ஆறு தொட்டி எத்தனை பழத்துக்குச் சமம்?

இத்தனை வாரத்தில் ‘எவ்வளவு’ என்று யாருமே கேட்கவில்லை, தானும் கேட்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

ஓர் அட்டைப்பெட்டி மூடியைக் கிழித்து, பெட்டிக்குக் குறி போடுகிற பேனாவை எடுத்தாள். கணக்கு அவளுக்கு எப்போதும் தண்ணீர் பட்ட பாடு அல்ல. பள்ளிக்கூடத்தில் தட்டுத்தடுமாறித் தேறியவள்தான். ஆனால் சேம்பரின் நீளம் அகலம் உயரம் மனப்பாடம். பெருக்கினால் நூறு கனமீட்டர், அதாவது ஒரு லட்சம் லிட்டர். மூடி வைத்தால் மணிக்கு அரை சதவீதம் ஏறும் என்பது தினமும் கண்ணால் பார்க்கிற சங்கதி. லட்சத்தில் அரை சதவீதம் ஐந்நூறு லிட்டர். அதைப் பத்தாயிரம் கிலோ பழம் விடுகிறது. அப்படியென்றால் ஒரு கிலோ பழம் ஒரு மணி நேரத்துக்கு விடுவது ஐம்பது மில்லி. பெட்டிகள் அடைத்துக்கொண்ட இடத்தை அவள் கழிக்கவில்லை. கழித்தால் இன்னும் குறையும். குறைய வேண்டாம் என்று நினைத்தாள். செடிகளைத் தப்பவிடுகிற எண்ணம் அவளுக்கு இல்லை.

ஆறு தொட்டியின் இலையும் தண்டும் சேர்ந்து எவ்வளவு எடை இருக்கும்? அரைக் கிலோகூடத் தேறாது. ஒரு கிலோ என்றே போட்டாள். பழுக்கிற வாழைதான் பேய்த்தனமாக மூச்சுவிடும். சும்மா நிற்கிற இலை அந்த அளவு விடாது. இருந்தாலும் வாழைக்குச் சமமாகவே விட்டதென்று வைத்தாள். ஒரு மணிக்கு ஐம்பது மில்லி. அவன் தூங்கியது மூன்று மணி நேரம். நூற்றைம்பது மில்லி.

ஒரு டம்ளர்.

படுக்கையறை பத்தடிக்குப் பத்தடி, உயரமும் கிட்டத்தட்ட அதே. இருபத்தேழாயிரம் லிட்டர். தெருவில் தண்ணீர் கொண்டுவருகிற லாரி இரண்டை நிரப்பி இன்னும் மிஞ்சும். இரண்டு லாரித் தண்ணீரில் ஒரு டம்ளர் எதையோ ஊற்றினால் என்ன ஆகும்? நம்ப முடியாமல் மறுபடி போட்டாள். எங்கோ பூஜ்யம் விட்டுப்போயிருக்க வேண்டும் என்று மூன்றாம் தடவையும் போட்டாள். டம்ளர் டம்ளராகவே நின்றது.

கடைசியாக மீட்டரை வாயருகே வைத்து ஊதினாள். கத்தியது, நான்கு சதவீதம். ஒரு மூச்சு அரை லிட்டர், நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு என்று போட்டுப் பார்த்தால், ஓர் ஆள் சும்மா படுத்திருந்தாலே மணிக்குப் பதினைந்து லிட்டருக்குக் குறையாமல் விடுகிறான். அட்டையை மடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

அவன் கூடத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவன் முன்னால் உட்கார்ந்து, அட்டையை விரித்து, ஒரே மூச்சில் கொட்டினாள். சேம்பர், பத்து டன், டம்ளர், தண்ணீர் லாரி. அவன் எதிர்த்து ஒன்றும் சொல்லாமல் கேட்டான். அவன் முகத்தில் ஏதாவது ஒன்று தளரும், தன் கையைப் பிடித்துக்கொள்வான் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் உறைக்கிறபடி சொல்ல வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து அதைச் சொன்னாள்.

“செடிங்க எல்லாம் சேர்ந்து விட்டது ஒண்ணுமே இல்லைங்க. நீங்க ஒருத்தர் தூங்கறப்ப விட்ட மூச்சு அதைவிட முந்நூறு மடங்கு.”

அவன் அவளையே பார்த்தான். பிறகு “சரி” என்றான். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

கடைக்குப் போகிறான் என்று நினைத்தாள். சோறு வைத்துக் காத்திருந்தாள். வரவில்லை. போனை வீட்டிலேயே விட்டுப் போயிருந்தான். விடிவதற்கு முன் நேரே வேலைக்குப் போயிருப்பான் என்று தேற்றிக்கொண்டாள். மறுநாள் காலையில் ரொட்டிக்கடையிலிருந்து ஆள் வந்து, ஏன் வேலைக்கு வரவில்லை, அடுப்பு பற்றவைக்க ஆளில்லாமல் கிடக்கிறது என்று கேட்டான். தான் என்ன சொன்னோம் என்பது அந்த ஆளின் முன்னால் நிற்கும்போதுதான் அவளுக்குக் கேட்டது. முந்நூறு மடங்கு. அந்தச் சின்ன அறைக்குள் குழந்தையின் பக்கத்தில் படுத்துக்கொண்டு முந்நூறு மடங்கு.

நாத்தனார் வீட்டுக்கு ஓடினாள். வழியில் வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போது கீழே பார்க்காமல் தாண்டினாள். கதவைத் திறந்த நாத்தனாரின் கண் சிவந்திருந்தது. உள்ளே அவன் தரையில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தான். உயிரோடு கிடந்தான். அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

“என்ன சொன்ன அவன்கிட்ட?” என்று நாத்தனார் கேட்டாள். கோபமாகத்தான் ஆரம்பித்தாள், பாதியிலேயே குரல் உடைந்தது. “செடின்னு நான் ஏன் சொன்னேன்னு நினைக்கற? எனக்கு என்ன தெரியும், எங்கயோ படிச்சது. அன்னைக்கு எல்லாரும் அவனையே கேட்டாங்க. அவன் மூஞ்சியைப் பாத்தேன். இப்ப வேற எது மேலயாவது போடலன்னா இவனும் நமக்கு இல்லன்னு தோணிச்சு. வாயில வந்ததைச் சொன்னேன். உன்னைப் பத்தி யோசிக்கல.”

அவளுக்கு நாத்தனார்மேல் கோபம் வரவில்லை. கோபப்படுகிற இடத்தில் வேறு ஏதோ நிரம்பியிருந்தது. புருஷன் பக்கத்தில் நகர்ந்து போய் உட்கார்ந்தாள். அவன் திரும்பாமலே பேசினான். எப்போதும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்துதான் வைப்பானாம். அன்றைக்குத் தெருவில் லாரி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்ததாம்.

“பாப்பா முழிச்சிக்கும்னு நான்தான் ஜன்னலைச் சாத்தினேன்,” என்றான். “நான் படுத்து நல்லாத் தூங்கிட்டேன். செடி இல்லன்னா நான்தானே.”

இத்தனை நாளும் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் செடி செடி என்று அவன் ஏன் சொன்னான் என்பது அவளுக்குப் புரிந்தது. தன்னைக் குத்துகிறான் என்று அவள் நினைத்தது, மூழ்குகிறவன் கையில் அகப்பட்ட கட்டையாக இருந்திருக்கிறது. அதைத்தான் நேற்று அட்டையில் கணக்குப் போட்டுப் பிடுங்கிக்கொண்டாள்.

அங்கேயே, அந்தத் தரையிலேயே, விரலால் கோடு போட்டு மறுபடி கணக்குப் போட்டாள். இந்தத் தடவை செடிக்கு இல்லை, அவனுக்கு. மூன்று மணி நேரம் அவன் விட்டது ஐம்பது லிட்டர், குழந்தை விட்டது ஐந்தோ ஆறோ. கூட்டி அறுபது என்றே வை. ஜன்னல் சாத்தி, ஒரு இடுக்கு விடாமல் அடைத்திருந்தால்கூட இருபத்தேழாயிரத்தில் அறுபது. கால் சதவீதம்கூட வராது. குடோனில் அரை சதவீதம் வரைக்கும் ஆட்கள் உள்ளே நின்று பெட்டி தூக்குகிறார்கள். நல்ல காற்று நூற்றுக்கு இருபத்தொன்று இருந்தது இருபதே முக்காலுக்குக் குறைந்திருக்கும். அவ்வளவுதான்.

“கணக்கை எப்படி வேணா போடலாம்,” என்றான். “அக்கா சொன்னப்ப அதுவும் கணக்கா சரியாத்தான் இருந்துச்சு.”

அவள் எழுந்து நேரே குடோனுக்குப் போனாள். மீட்டர் வாசலைத் தாண்டக் கூடாது என்பது அங்கே சட்டம். சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் சொல்லி, ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்டாள். அவர் தாடையைச் சொறிந்தார். நாளைக்குச் சேம்பர் எதுவும் திறக்கிற முறை இல்லை என்று பொதுவாகச் சொல்லி, மீட்டரை மேசைமேல் வைத்துவிட்டு, ஜன்னல் வழியாக லாரிகளை எண்ணுகிறவர்போல முதுகைக் காட்டி நின்றார்.

மறுநாள் மத்தியானம் மூன்று பேரும் அந்தப் பூட்டின் முன்னால் நின்றார்கள். சாவியைப் போட்டுத் திருப்ப அவளால் முடியவில்லை. நாத்தனார் வாங்கித் திருப்பினாள். புழுக்க வாடை அடித்தது. தொட்டிகளில் நான்கு சருகாகியிருந்தன, இரண்டில் இன்னும் பச்சை இருந்தது. தொட்டிலில் விரிப்பு கசங்கினபடியே கிடந்தது. கொஞ்ச நேரம் கதவையும் ஜன்னலையும் திறந்து காற்றோட விட்டுவிட்டு, பிறகு எல்லாவற்றையும் அடைத்தார்கள். ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்து, புருஷனும் பெண்டாட்டியும் உள்ளே போனார்கள். ஓர் ஆளும் ஒரு குழந்தையும் இருந்த இடத்தில் இரண்டு முழு ஆள். கதவிடுக்கில் ஒரு துண்டையும் திணிக்கச் சொன்னாள். அன்றைக்கு அந்தத் துண்டுகூட இல்லை. நாத்தனார் வெளியே கதவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

அவன் கட்டிலில், அவள் தரையில், நடுவில் ஸ்டூல்மேல் மீட்டர். இருட்டில் அதன் எண் மட்டும் பச்சையாகத் தெரிந்தது. புள்ளி பூஜ்யம் ஐந்து. புள்ளி ஐம்பதைத் தாண்டினால் கத்தும்.

எண் ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு படி ஏறும்போதும் அவன் உடம்பு விறைப்பதை இருட்டிலும் அவளால் உணர முடிந்தது. அவன் மூச்சை அடக்கிப் பார்த்தான், அடக்க முடியாமல் பெரிதாக விட்டான். தன் மூச்சைத் தானே எண்ணாக எதிரே பார்ப்பது யாருக்குத்தான் முடியும்? அவளுக்கும் பயம்தான். ஒருவேளை தன் கணக்குத் தப்பாக இருந்தால்? மீட்டர் கத்திவிட்டால்? இந்த மனிதனை அதற்குப் பிறகு எந்தக் கயிற்றால் கட்டி வைப்பது? வெளியே இருந்து நாத்தனார் அடிக்கடி, “இருக்கீங்களா?” என்று குரல் கொடுத்தாள். “இருக்கோம் அண்ணி,” என்று இவள் பதில் சொன்னாள்.

முதல் மணி முடிந்தபோது புள்ளி பதினைந்து. இரண்டாம் மணி நடுவில் ஒரு சின்னக் குறட்டை கேட்டது. வாரக்கணக்கில் கண் மூடாதவன் உட்கார்ந்தபடியே சாய்ந்து தூங்கிப்போயிருந்தான். அவள் எழுந்து போய் அவன் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தாள். சூடாக வந்து போனது. விரலை எடுக்கவே இல்லை. அப்படியே நின்று, தலையைத் திருப்பி எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புள்ளி இருபத்துமூன்று. இருபத்தெட்டு. கால் கடுத்தது. எவ்வளவு ஆழமாக அவன் தூங்குகிறான் என்று பார்த்தாள். ஒரு குழந்தை சத்தமில்லாமல் போவதற்கு இவன் தூக்கம் காரணமில்லை. முழித்துக்கொண்டு பக்கத்தில் இருந்திருந்தாலும் கேட்பதற்கு ஒரு சத்தமும் இருந்திருக்காது என்று அவளுக்குத் தோன்றியது.

மூன்றாம் மணி முடிகிற நேரம் திடுக்கிட்டு விழித்தான். முதலில் தொட்டிலைத்தான் பார்த்தான். பிறகு ஞாபகம் வந்து முகம் சரிந்தது. அவள் மீட்டரை எடுத்து அவன் கண்முன் பிடித்தாள். புள்ளி முப்பத்திரண்டு. கத்தவில்லை.

அவன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கெட்டுப்போயிருக்குமோ என்று சந்தேகம். வாயருகே வைத்து ஊதினான். வீறிட்டுக் கத்தியது. வெளியே நாத்தனார் கதவைப் போட்டு இடித்தாள். ஒன்றும் இல்லை, சும்மா ஊதிப் பார்த்தார் என்று இவள் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

கத்தல் அடங்கியது. அவன் மீட்டரை மடியில் வைத்துக்கொண்டான்.

“அப்ப ஏன்?” என்றான்.

“தெரியல.”

“செடி இல்ல. ஜன்னல் இல்ல. நான் இல்ல. அப்ப ஏன் செத்துச்சு?”

அவளிடம் இன்னொரு கணக்கு இருக்கும் என்று நம்பிக் கேட்கிறவன்போல அவள் முகத்தையே பார்த்தான். அவளிடம் இல்லை. பழி சுமத்த ஒரு செடியாவது இருந்தவரைக்கும், அது இல்லாவிட்டால் குழந்தை இருந்திருக்கும் என்று நினைக்க ஒரு வழி இருந்தது. அந்த வழியையும் மூன்று மணி நேரம் உட்கார்ந்து இருவரும் சேர்ந்து அடைத்துவிட்டார்கள். இனி திரும்பிப் போய் மாற்றி வைக்கக்கூடியது அந்த அறையில் ஒன்றும் இல்லை. அவன் அப்போதுதான் அழுதான். ஆஸ்பத்திரியிலும் அழாதவன், தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாய் கோணி, ஊமை அலறுகிற மாதிரி அழுதான். அவளும் அழுதாள். நாத்தனார் துண்டை இழுத்துப் போட்டுக் கதவைத் திறந்து வந்து, இருவருக்கும் நடுவில் இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிடவில்லை. அவன் ரொட்டிக்கடைக்குத் திரும்பினான், ஆனால் பகலில் படுப்பதை விட்டுவிட்டான். தூக்கம் சொருகிக்கொண்டு வந்தாலும் தெருவில் நடந்து சமாளிப்பான். வேலை இடத்தில் சில நாள் அவளால் சேம்பர் கதவை இழுக்க முடியாது. சூப்பர்வைசர் வேறு ஆளை அனுப்பிவிட்டு அவளைப் பெட்டி எண்ண வைப்பார். பார்க்க வருகிறவர்கள் இப்போதும் செடியைப் பற்றிக் கேட்பார்கள். அவன் முந்திக்கொண்டு, செடி இல்லை என்பான். பிறகு என்ன என்று கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவான். நாத்தனார்தான் அவர்களுக்குப் பதில் சொல்லி அனுப்புவாள்.

ஒரு நாள் இருவரும் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனார்கள். இன்னொரு குழந்தை பிறந்தால் அதற்கும் இப்படி ஆகுமா என்று அவன் கேட்டான். அதைக் கேட்கவே அவனுக்கு அத்தனை மாதம் ஆகியிருந்தது. ஆகாது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது, வாய்ப்பு மிகவும் குறைவு, அவ்வளவுதான் சொல்ல முடியும் என்றார் அவர். எவ்வளவு குறைவு என்று அவள் கேட்டாள். டாக்டரம்மா ஓர் எண்ணைச் சொன்னார். அவன் அந்த எண்ணை ஒரு தடவை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டான்.

வெளியே வந்தார்கள். வெயில் சாய்ந்திருந்தது. சாலை முனை வரைக்கும் நடந்தார்கள். அங்கே பஸ்ஸுக்கு நிற்கும்போது, உனக்குத் தைரியம் இருக்கிறதா என்று அவன் கேட்டான். இல்லை என்றாள். எனக்கும் இல்லை என்றான். பஸ் வந்தது, கூட்டமாக இருந்ததால் விட்டுவிட்டு, அடுத்ததற்கு நின்றார்கள்.